எண்ணிய நாளும் எழுதாத ஏடும்

"என்னம்மா கேட்கிறீர்கள்? கல்யாணமாகாத பெண்ணம்மா இவள்!"

சீறிக் கிளம்பிற்று அந்தத் தாயின் குரல். தியாகராய நகரிலே ஒரு மருத்துவமனை. பெயர் எதற்கு? கட்டிலிலே வயிற்றைப் பிடித்தபடி சுருண்டு கிடந்தவர், நம்மோடு பள்ளியிலே பணியாற்றும் ஆசிரியை. குடல்வால் வீங்கியிருக்கிறது, இரவுக்குள் அறுவை செய்தாக வேண்டும் என்று கூறிவிட்டனர். கேஸ் ஷீட்டை நிரப்ப வந்த இளம் செவிலி கேட்டது இவ்வளவுதான்: "கடைசியாக மாதவிலக்கு ஆனது எந்தத் தேதி? கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா?" அதையும் கட்டிலில் கிடந்தவரிடம் கேட்கவில்லை, அருகில் நின்ற தாயிடம் கேட்டார். தாய் சீறினார். தந்தை தலை குனிந்தார். துணைக்குச் சென்றிருந்த நாம், சுவரிலே தொங்கிய நாட்காட்டியைப் படிப்பதுபோலப் பாவனை செய்தோம். செவிலி அஞ்சிவிட்டார். தேதி எழுத வேண்டிய கட்டத்திலே 'மணமாகாதவர்' என்று எழுதிவிட்டு நகர்ந்தார்.

கேட்ட கேள்வி ஒன்று, எழுதிய விடை வேறொன்று! பாண்டியரின் துறைமுகம் எது என்று நாம் வினவ, மாணவன் 'மீன்கொடி' என்று எழுதினால் சுழி போடுகிறோம். இங்கே சுழி போடுவார் யார்?

நல்லவேளை, சற்று நேரத்தில் வந்த பெண் மருத்துவர் அந்தத் தாளைப் பார்த்தார். புருவம் நெறித்தார். "எல்லோரும் கொஞ்சம் வெளியே இருங்கள்" என்றார். தாய், தந்தை, நாம், மூவரும் வெளியேறினோம். இரண்டே நிமிடம். நோயாளியிடமே கேட்டார், தேதி பெற்றார், அவர் இசைவோடு சிறுநீர்ச் சோதனையும் முடித்தார், அடித்ததை அடித்து, எழுத வேண்டியதை எழுதிக் கையெழுத்திட்டார். அறுவை நடந்தது. ஆசிரியை நலமாக வீடு திரும்பினார்.

கேடு ஏதும் நிகழவில்லை. ஆயினும் அந்தக் கட்டத்திலே முதலில் விழுந்த அந்த ஒரு சொல் நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. உடலைப் பற்றிய வினாவுக்கு ஊர் வழக்கத்தை விடையாக எழுதும் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? இதற்கு ஒரு வரலாறு உண்டு, தோழர்களே! அதைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

ஏன் இந்தக் கேள்வி?

முதலிலே, கேள்வியின் தேவை என்ன என்பதைக் காண்போம்.

கருவுற்றிருக்கும் பெண்ணுக்கு வயிற்றிலே, அதிலும் கருப்பையை ஒட்டிய இடத்திலே, அறுவை செய்தால் கரு சிதையக்கூடும். மயக்க மருந்தின் அளவு, அதைத் தரும் முறை, படுக்க வைக்கும் நிலை, பின்னர் தரும் மாத்திரைகள், எடுக்கும் எக்ஸ்ரே யாவும் கருவுற்றவருக்கு வேறு கணக்கு. தள்ளிப்போடக் கூடிய அறுவையானால் மகப்பேற்றுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். உயிர் காக்கும் அறுவையானால், கருவுற்றிருக்கிறார் என்பதற்காக அதை மறுத்தலும் பெருந்தவறு. தக்க காப்போடு செய்ய வேண்டும். எப்படியாயினும், அறிந்து செய்வது வேறு, அறியாமல் செய்வது வேறு.

இன்னொன்றும் உண்டு. கரு சில வேளைகளில் கருப்பைக்குள் தங்காமல், கருக்குழாயிலேயே தங்கி வளரும். குழாய் வெடித்தால் உள்ளே குருதி கொட்டும். சில மணி நேரத்திலே உயிர் போகும். அந்த வலியும் குடல்வால் வலி போலவே தோன்றி மருத்துவரை மயக்கும். 'மணமாகாதவர்' என்ற சொல்லை நம்பிக் குடல்வாலைத் தேடிக் கத்தி வைத்தால், கையில் கிடைப்பது என்ன? ஆகவே இந்தக் கேள்வி பிறக்கப்போகும் குழந்தைக்காக மட்டுமன்று. படுத்திருக்கும் பெண்ணின் உயிருக்காகவே கேட்கப்படுவது.

மருந்து கருவை என்ன செய்யும் என்பதை உலகம் கண்ணீரோடு கற்றது. 1957-இல் மேற்கு ஜெர்மனியிலே தாலிடோமைடு என்றொரு மருந்து விற்பனைக்கு வந்தது. தூக்கம் தரும், மசக்கைக் குமட்டலை நிறுத்தும், தீங்கே இல்லாதது என்று பறை சாற்றினர். கையும் காலும் குறைந்து பல்லாயிரம் குழந்தைகள் பிறந்தபின், 1961-இலேதான் அதை விலக்கினர். கருவுற்ற தாய்க்கு எடுக்கும் எக்ஸ்ரே, பிறக்கும் குழந்தைக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்று 1950-களின் பிற்பகுதியிலே இங்கிலாந்தில் எடுத்துக் காட்டியவர் ஆலிஸ் ஸ்டூவர்ட் என்ற பெண் மருத்துவர். அவர் சொன்னதை ஏற்க மருத்துவ உலகம் நெடுங்காலம் தயங்கிற்று. அவர் செய்தது என்ன? தாய்மார்களிடமே சென்றார், கேட்டார், எழுதினார். அந்த எழுத்துத்தான் உண்மையை வெளிக்கொணர்ந்தது.

'முழுகாமல் இருக்கிறாள்'

நம் நாட்டிலே பெண்ணின் நாளை எண்ணும் வழக்கம் இல்லாமலா இருந்தது? எண்ணினர்! மிக நன்றாகவே எண்ணினர்!

'முழுகாமல் இருக்கிறாள்' என்கிறோம் கருவுற்ற பெண்ணை. 'தலைக்குத் தண்ணீர் விட்டுக்கொள்ளவில்லை' என்போரும் உண்டு. அந்தச் சொற்களின் பொருள் என்ன? மாதந்தோறும் மூன்று நாள் ஒதுங்கி, பின் தலை முழுகித் 'தூய்மை' அடைந்து வீட்டுக்குள் நுழைய வேண்டியவள், இந்த மாதம் முழுகவில்லை, ஆகவே கருவுற்றிருக்கிறாள். கடைசி மாதவிலக்கு நாளைக் கொண்டு கருவை அறியும் இன்றைய மருத்துவக் கணக்கு, நம் வீட்டுக் கொல்லையிலேயே இருந்தது என்பதற்கு மொழியே சான்று.

ஆனால் அந்தக் கணக்கை வைத்திருந்தவர் யார்? மாமியார் வைத்திருந்தார், அத்தை வைத்திருந்தார், கொல்லைப்புறத் திண்ணையைத் தாண்டிச் செல்லும் தெருவே வைத்திருந்தது. தனித் தட்டு, தனிப் பாய், தனிக் குவளை. எவள் என்று ஒதுங்கினாள், என்று முழுகினாள் என்பது ஊரறிந்த செய்தி. எதற்காக இந்தக் கணக்கு? அடுப்படி தீட்டாகிவிடக் கூடாது. பூசை அறை தீட்டாகிவிடக் கூடாது. ஊறுகாய் கெட்டுவிடக் கூடாது! ஊறுகாய்ச் சாடிக்கு இருந்த காவல், அவள் உடலுக்கு இல்லை.

வேடிக்கையைப் பாருங்கள். தீட்டுக்காக எண்ணும்போது அந்த நாள் தெருவறிந்த செய்தி. மருத்துவர் கேட்கும்போதோ அதே நாள் வாய்விட்டுச் சொல்லக் கூடாத வெட்கக்கேடு! விலக்குவதற்கு எண்ணிய நாட்களை, காப்பதற்கு எண்ண மறுத்தோம். எண்ணியது எல்லாம் பிறர். எழுதி வைத்தவர் எவருமில்லை. கேட்கப்படாதவள் அவள் ஒருத்தியே.

கோதுமை முதல் தவளை வரை

நாள் கணக்கு மட்டும் போதுமா? போதாது. நாள் தவறுவதற்குக் காரணம் பல உண்டு: சோகை, கவலை, நோய், வயது. ஆகவே உறுதியான சோதனை ஒன்றை மனிதன் நெடுங்காலமாகத் தேடினான்.

எகிப்தியர், ஏறத்தாழ மூவாயிரத்து முந்நூறு ஆண்டுகட்கு முன், பாப்பிரசுத் தாளிலே ஒரு முறையை எழுதி வைத்தனர். பெண்ணின் சிறுநீரைக் கோதுமை மீதும் வாற்கோதுமை மீதும் நாள்தோறும் ஊற்ற வேண்டும். முளைத்தால் கரு உண்டு. கோதுமை முளைத்தால் ஒரு பால், வாற்கோதுமை முளைத்தால் மறு பால். 1963-இல் ஆய்வாளர்கள் இதைச் செய்தே பார்த்தனர். கருவுற்றோரின் சிறுநீர் ஊற்றியவற்றுள் பத்துக்கு ஏழு முளைத்தன. ஆனால் ஆணா, பெண்ணா என்று கூறிய பகுதி அடியோடு பொய்த்தது. பழையது என்பதற்காகப் போற்றவும் வேண்டாம், தூற்றவும் வேண்டாம். சோதித்துப் பார் என்பதே பகுத்தறிவின் பாடம். ஒரே ஏட்டிலே மெய்யும் இருக்கும், பொய்யும் இருக்கும். பிரித்துத் தருவது சோதனை.

பிறகு வந்த நூற்றாண்டுகளிலே, சிறுநீரின் நிறத்தைப் பார்த்தே நோயும் கருவும் உரைத்தோர் ஐரோப்பாவிலே பலர். இங்கே நாடியைப் பிடித்தே ஆண் குழந்தை என்று அடித்துச் சொன்னோரும் பலர். கண்டது பாதி, கதைத்தது பாதி.

உறுதியான விடை கிடைத்தது 1920-களின் இறுதியில். பெர்லின் நகரிலே செல்மார் ஆஷ்ஹெய்ம், பெர்ன்ஹார்ட் சோண்டெக் என்ற இரு மருத்துவர்கள், கருவுற்ற பெண்ணின் சிறுநீரிலே தனியான ஒரு ஹார்மோன் இருக்கக் கண்டனர். அச்சிறுநீரைக் குட்டிப் பெண் சுண்டெலிக்கு ஊசி வழியே செலுத்தி, சில நாள் கழித்து அறுத்துப் பார்த்தால், சினைப்பை பழுத்திருக்கும். இருவரும் யூதர்கள்; இட்லரின் ஆட்சி வந்ததும் பெர்லினிலே அவர்களுக்கு இடமில்லாது போயிற்று. 1931-இல் அமெரிக்காவிலே முயலைக் கொண்டு செய்யும் முறை வந்தது. தென்னாப்பிரிக்காவிலே பணியாற்றிய லான்சிலட் ஹாக்பென், அந்நாட்டு நீர்த்தவளையிடம் அந்த ஹார்மோன் முட்டையிடும் தூண்டலைத் தருவதை அறிந்தார். எலியையும் முயலையும் போலத் தவளையைக் கொல்ல வேண்டியதில்லை. ஊசி போட்டு வைத்தால் மறுநாளுக்குள் முட்டையிட்டுச் செய்தி சொல்லும். அதே தவளை மீண்டும் பயன்படும்!

1960-இல் சுவீடனிலே வீடே, கெம்செல் என்ற இருவர், உயிருள்ள விலங்கே தேவைப்படாத சோதனையைச் சோதனைக் குழாயிலே செய்து காட்டினர். 1972-இல் அமெரிக்காவிலே ஜூடித் வைடுகைடிஸ் என்ற பெண் மருத்துவரும் அவருடைய தோழர்களும், அந்த ஹார்மோனை மட்டும் பிழையின்றிப் பிரித்தறியும் வழியைக் கண்டனர். அதன்பின் சோதனை, ஆய்வுக்கூடத்தை விட்டு வீட்டுக்கே வந்தது. இன்று மயிலையிலோ அடையாற்றிலோ, தெருமுனை மருந்துக்கடையிலே ஒரு சிற்றுண்டியின் விலைக்கு அந்தப் பட்டை கிடைக்கிறது. ஐந்து நிமிடம், ஒரு கோடா, இரு கோடா என்று பார்த்தால் முடிந்தது. சிற்றூர்களிலே ஆஷா பணியாளர் வழியே அரசே விலையின்றித் தரும் சோதனைப் பையும் உண்டு.

எலி மடிந்தது, முயல் மடிந்தது, தவளை உழைத்தது, விஞ்ஞானி விழித்தான். இத்தனையும் நடந்து, விடை கைக்கெட்டும் தூரத்திலே வந்து நிற்கிறது. கேட்க நா எழவில்லை!

திரை விலகிய கதை

நா எழாததற்குக் காரணம் திரை. அந்தத் திரையை விலக்கப் பாடுபட்டோரின் கதை நம் சென்னையிலேயே நடந்த கதை.

1844-இல் சென்னையிலே மகப்பேற்றுக்கெனத் தனி மருத்துவமனை தோன்றிற்று. அதன் வழிவந்ததே இன்றைய எழும்பூர் தாய்சேய் மருத்துவமனை. மருத்துவமனை வந்ததே தவிர, மருத்துவர் ஆண். முகம் காட்டக் கூடாத பெண், ஆண் மருத்துவரிடம் எந்த நாளைச் சொல்வாள்? எந்த வலியைக் காட்டுவாள்? சொல்லாமலே நோயுற்றனர், காட்டாமலே மாண்டனர்.

வழக்கறிஞரான கணவரோடு 1866-இல் சென்னைக்கு வந்த மேரி ஷார்லீப் என்ற ஆங்கில மாது, இந்தக் கொடுமையைக் கண்டார். மகப்பேற்று மருத்துவமனையிலே பயிற்சி பெற்றார். போதாது என்று கண்டு, 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரியிலே சேர்ந்தார். அவரோடு சேர்ந்த பெண்கள் இன்னும் மூவர். இலண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் வழங்க முன்வந்தது 1878-இலேதான். அதற்கு மூன்றாண்டு முன்பே சென்னைக் கல்லூரி கதவு திறந்தது என்பது நாம் நினைவில் கொள்ளத்தக்க பெருமை.

இலண்டன் சென்று மேற்பட்டமும் பெற்றுத் திரும்பிய ஷார்லீப், 1885-இல் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை தோன்றக் காரணமானார். அதன் பெயர் என்ன தெரியுமா? விக்டோரியா சாதி-கோஷா மருத்துவமனை! 'சாதி'ப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்கும் என்று பொருள். நோய்க்குச் சாதி இல்லை. ஆனால் நோயாளிக்குச் சாதி கேட்டது அந்தக் காலம். திருவல்லிக்கேணியிலே, கடற்கரை ஓரத்தில் இன்றும் நின்று, எல்லோர்க்கும் பணிபுரிகிறது அது. கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று பெயர் மாற்றம் பெற்றது. ஆயினும் முதியோர் வாயிலே இன்றும் 'கோஷா ஆஸ்பத்திரி'தான். பெயரிலே குறை இருந்தாலும் பணியிலே பெரியதொரு மாறுதல் விளைந்தது. பெண்ணிடம் பெண் கேட்டாள். பெண்ணிடம் பெண் சொன்னாள். திரைக்குள்ளேயே ஒரு வாசல் திறந்தது.

1907-இல் புதுக்கோட்டையிலிருந்து வந்து அதே மருத்துவக் கல்லூரியிலே சேர்ந்தார் முத்துலட்சுமி. 1912-இல் பட்டம் பெற்றார். பின்னர்ச் சட்டமன்றத்திலே அமர்ந்து, பொட்டுக்கட்டும் கொடுமையை ஒழிக்கப் போராடினார். பெண்ணின் உடல் கோயிலுக்கு உடைமையன்று என்று முழங்கிய அதே கைகள்தாம், 1954-இல் அடையாற்றிலே புற்றுநோய் மருத்துவமனையைத் தோற்றுவித்தன. பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கிற்று அது. அடுத்த ஆண்டே அங்கு வந்து சேர்ந்து, வாழ்நாளெல்லாம் அங்கேயே உழைத்த மருத்துவர் சாந்தா, முதலில் மகப்பேற்று மருத்துவமே பயின்றவர். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர் பாய்ச்சுமுன், கரு உண்டா என்று அறியாமல் தொடங்கலாகுமா? கேள்வி அங்கே சடங்கன்று; சிகிச்சையின் முதற்படி.

எழும்பூர் மருத்துவமனையின் முதல் இந்தியக் கண்காணிப்பாளராக விளங்கிய டாக்டர் ஏ. இலட்சுமணசாமி முதலியார், தம் பட்டறிவையெல்லாம் திரட்டி மகப்பேற்று மருத்துவ நூல் எழுதி 1938-இல் வெளியிட்டார். இந்தியாவெங்கும் மாணவர் அதைப் படித்தனர். கண்டதை எழுது, எழுதியதைக் கற்பி என்பதே அவர் போன்றோர் நாட்டிய மரபு.

பள்ளிக்கூடத்திலே நடந்த கொடுமை

திரை விலகிற்று, சோதனையும் வந்தது. இனிக் குறையென்ன என்று கேட்கலாம். குறை, ஏட்டிலே. கேட்காமலும் எழுதாமலும் கத்தியை எடுத்தால் என்ன நேரும் என்பதற்கு, வடக்கே பீகாரிலே நடந்ததைக் கேளுங்கள்.

இந்நாட்டிலே பெருந்தொகையான பெண்களுக்குச் செய்யப்படும் அறுவை, கருத்தடை அறுவை. அதைச் செய்யுமுன் ஒவ்வொருவர் உடல்நிலையையும் சோதித்துச் சரிபார்ப்புத் தாளிலே குறிக்க வேண்டும் என்று, ரமாகாந்த் ராய் தொடுத்த வழக்கிலே 2005-ஆம் ஆண்டே உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. தாள் அச்சாயிற்று. விதி வகுத்தாயிற்று.

2012 சனவரி 7. பீகார் மாநிலம், அரரியா மாவட்டம், கபர்போரா என்ற சிற்றூர். அரசுப் பள்ளிக்கூடம் ஒன்று. இரவு. இரண்டே மணி நேரத்தில் 53 பெண்களுக்கு அறுவை செய்தார் ஒரே மருத்துவர்! மாணவர் அமரும் மேசைகளே அறுவை மேசைகளாயின. கைவிளக்கே வெளிச்சமாயிற்று. குழாய் நீர் கிடையாது. அந்த 53 பேரிலே ஒருத்தி மூன்று மாதக் கர்ப்பிணி. அவளை எவரும் கேட்கவில்லை, சோதிக்கவில்லை, எழுதவில்லை. சில நாட்களிலே கரு சிதைந்தது.

நாம் ஆசிரியர். மேசை நமக்குத் தெரியும். அ, ஆ எழுதிப் பழகும் மேசை அது. அந்த மேசை மீது ஒரு பெண்ணைக் கிடத்தினர். அவளைப் பற்றி ஒரு வரி எழுதத்தான் அங்கே ஆளில்லை!

தேவிகா பிஸ்வாஸ் என்ற சமூகப் பணியாளர் இதை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றார். வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்திலே நடந்த இத்தகைய முகாம்களில் 13 பெண்கள் மாண்டனர். 2016 செப்டம்பர் 14-இல் தீர்ப்பு வந்தது. முகாம் முறையை மூன்றாண்டுக்குள் கைவிடுக. சரிபார்ப்புத் தாளிலே உள்ளதை அவளுக்குத் தெரிந்த மொழியிலே எடுத்துச் சொல்லுக. எண்ணிப் பார்க்க ஏறத்தாழ ஒரு மணி நேரமாவது தருக என்று அது கூறிற்று.

குடும்பக் கட்டுப்பாட்டை நாம் எதிர்க்கிறோமோ என்று எவரும் ஐயுற வேண்டாம். நாடாளுவோர் அதைப் பேச அஞ்சிய நாளிலேயே, 1930-ஐ ஒட்டிக் 'குடி அரசு' ஏட்டிலே கர்ப்பத்தடையை ஆதரித்து எழுதியவர் பெரியார். ஆனால் அவர் கூறிய காரணம் என்ன? மக்கள்தொகை குறையட்டும் என்பதன்று. பெண் விடுதலை பெறட்டும் என்பதே. கருவைச் சுமப்பதா வேண்டாவா என்று முடிவு செய்பவள் அவளாக இருக்க வேண்டும் என்பதே. கபர்போராவிலே நடந்தது அதற்கு நேர்மாறு. அங்கே எண்ணிக்கை எண்ணப்பட்டது, பெண் எண்ணப்படவில்லை. கொல்லைப்புறத்திலே தீட்டுக்காக எண்ணினர். பள்ளிக்கூடத்திலே இலக்குக்காக எண்ணினர். இரண்டு கணக்கிலும் அவள் வாய்ச்சொல் ஏறவில்லை.

தாளின் வலிமை

"ஒரு தாளிலே எழுதிவிட்டால் உயிர் பிழைத்துவிடுமா?" என்று கேலி பேசுவார் உண்டு. பிழைக்கும்! உலக சுகாதார நிறுவனம், அறுவைக்கு முன்னும் பின்னும் வாய்விட்டுக் கேட்டுச் சரிபார்க்க வேண்டிய 19 செய்திகளை ஒரு தாளிலே அடக்கித் தந்தது. புது டெல்லி உள்ளிட்ட எட்டு நகரங்களிலே அதைச் செயல்படுத்திப் பார்த்த முடிவு 2009-இல் வெளிவந்தது. அறுவைக்குப் பின் நேர்ந்த சாவு நூற்றுக்கு 1.5 என்பதிலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. புதிய மருந்தில்லை, புதிய கருவியில்லை. கேட்டனர், குறித்தனர், அவ்வளவே!

இங்கிலாந்திலும் கருவுற்றது அறியாமல் அறுவை நடந்த நிகழ்ச்சிகள் உண்டு. முன்கூட்டிச் சோதித்தோமே என்பர், அறுவை நாளோ வாரங்கள் கழித்து வரும். அவர் கேட்டிருப்பார் என்று இவரும், இவர் கேட்டிருப்பார் என்று அவரும் நினைப்பர். எனவே 2010-இல் அந்நாட்டு நோயாளர் பாதுகாப்பு அமைப்பு எச்சரிக்கை விடுத்தது. 2016-இல் வெளிவந்த வழிகாட்டி, அறுவை நாளன்றே, கருவுறக்கூடிய ஒவ்வொரு பெண்ணிடமும், மனம் நோகாதவாறு கேட்கச் சொல்கிறது. ஐயம் இருந்தால், அவர் இசைவோடு சோதிக்க வேண்டும். பேசியதைக் குறிப்பேட்டிலே எழுத வேண்டும்.

இசைவோடு என்ற சொல்லைக் கவனியுங்கள். 'கேட்பானேன், வம்பேன்? எல்லோர் சிறுநீரையும் சொல்லாமலே சோதித்துவிடலாமே' என்பது குறுக்கு வழி. அது பெண்ணை நம்பாத வழி. சோதனையும் தவறக்கூடும், கரு தங்கிய முதற் சில நாட்களில் அது காட்டாது. தேதியும் வேண்டும், சோதனையும் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக அவள் சொல்லும் வேண்டும்.

"வெளியே தெரிந்தால் மானம் போகுமே!" என்பார்க்கு ஒரு சொல். மருத்துவரிடம் சொன்னது மருத்துவரோடு நிற்க வேண்டும் என்பது மருத்துவ அறத்தின் அடிப்படை. கருக்கலைப்புச் சட்டத்திலே 2021-இல் செய்த திருத்தம், அந்தப் பெண்ணின் பெயரை, சட்டம் அனுமதித்தவர் தவிர வேறு எவரிடமும் வெளியிடும் மருத்துவருக்குச் சிறைத்தண்டனையே விதிக்கிறது. தாயிடம் உரக்கக் கேட்டுத் தாழ்வாரமே கேட்கச் செய்வது மறைகாப்பு அன்று. தனியே கேட்டு, உரியவர் மட்டும் காண எழுதி வைப்பதே மறைகாப்பு.

நாம் செய்ய வேண்டியது

இளைஞர்களே! இது மருத்துவர் வேலை, நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். தமக்கையோடும் தங்கையோடும் துணைவியோடும் மருத்துவமனைக்குச் செல்பவர் நாம்தாம். மருத்துவர் தனியே கேட்க விரும்பினால், அவர் சொல்லுமுன் நாமே வெளியேறுவோம். கேட்க மறந்தால், 'கேட்டு எழுதுங்கள்' என்று நினைவூட்டுவோம். மணமானவரா என்ற விடையை, கருவுற்றவரா என்ற கட்டத்திலே எழுதவிட மாட்டோம் என்று உறுதி கொள்வோம்.

சகோதரிகளே! உங்கள் நாளை நீங்களே குறித்து வையுங்கள். நாட்காட்டியிலே ஒரு புள்ளி போதும். இதுவரை பிறர் எண்ணினர், விலக்கி வைக்க. இனி நீங்கள் எண்ணுங்கள், வாழ்வதற்காக.

ஆசிரியத் தோழர்களே! உடலைப் பற்றிய பாடம் வந்ததும் பக்கத்தைப் புரட்டிவிடும் பழக்கத்தை நாமும் விட வேண்டும். அன்று மருத்துவமனையிலே நாட்காட்டியைப் படிப்பதுபோல நடித்தோமே, அந்த நடிப்பும் அதே பழக்கத்தின் விளைவுதான்.

உடல் நலம் பெற்றுப் பள்ளிக்குத் திரும்பிய அந்த ஆசிரியையிடம், சில நாள் கழித்து இதைப் பற்றிப் பேசினோம். "எல்லோரும் அம்மாவைக் கேட்டார்கள், அப்பாவைப் பார்த்தார்கள். அந்த டாக்டர் ஒருவர்தான் என்னைக் கேட்டார். கத்தி பட்டதைவிட அதுதான் எனக்கு நினைவிருக்கிறது" என்றார்.

ஒரு கேள்வி, ஒரு சோதனை, ஒரு வரி. வேண்டுவது இவ்வளவே. கேட்பது அவளிடமாக இருக்கட்டும்; எழுதுவது உண்மையாக இருக்கட்டும்.